கருவாட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர்

போன புதன்கிழமை காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து என் பேத்தி போன் செய்தாள். "ஆயா, உக்காந்திருக்கியா?" என்று கேட்டாள். "நின்னுகினா கீரை ஆய்வாங்க? இன்னா விஷயம், சொல்லு" என்றேன். "சபாபதி சார் போயிட்டாரு ஆயா. நேத்து சாயங்காலம், தூக்கத்துலயே." கையிலிருந்த கீரை அப்படியே முறத்தில் விழுந்துவிட்டது. தொண்ணூறைத் தொட்ட மனுஷர்தான். ஆனாலும் சிலர் சாவார்கள் என்பது நம் புத்தியில் ஏறுவதே இல்லை.

என் பேத்தி தடய அறிவியல் படித்தவள். எங்கள் குடும்பத்திலேயே முதல் எம்.எஸ்ஸி. ரத்தக்கறை, துப்பாக்கிக் குண்டு, வெடிமருந்து என்று அவள் பேச ஆரம்பித்தால் நான் வாயைப் பிளந்து கேட்பேன். சார் பெயரால் நினைவு மலர் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், "எங்க ஆயா எழுதும்" என்று அவளாகவே பெயர் கொடுத்துவிட்டாள். நான் அஞ்சாங்கிளாஸ். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் கோணல் இல்லை.

நீங்கள் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள். வெள்ளைக் கோட்டு போட்டு, கண்ணாடிக் கருவிக்குள் குனிந்து பார்க்கும் சாரை உங்களுக்குத் தெரியும். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மரக்காணம் உப்பளத்துக் கால்வாய்ச் சேற்றில் கழியோடு நின்ற சாரை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதைப் பார்த்தவள் நான். அந்தக் கதையைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன்.

எழுபதுகளில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் ஒரே முதலாளியின் உப்பளத்தில் வேலை செய்தோம். கால்வாயிலிருந்து பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் விடுவதற்கு ஒரு மதகு உண்டு. கனமான தேக்குப் பலகைகளால் ஆனது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணி இருக்கும், அந்தப் பக்கம் பூமியே இடிந்து விழுந்தமாதிரி ஒரு சத்தம். காக்கைகள் அத்தனையும் எழுந்து கத்தின. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தால் மதகு உடைந்து, தண்ணீர் குபுகுபுவென்று பாத்திகளுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. வாருவதற்குத் தயாராக வெள்ளைவெளேர் என்று படிந்திருந்த உப்பு, கண்ணெதிரே கரைந்துபோனது. கால்வாயிலோ மடவை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கூட்டங்கூட்டமாக மிதந்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அழுதோம். அப்புறம் மீனைப் பொறுக்கினோம்.

"ஏண்டி மேரி, வெள்ளிக்கிழம. தவக்காலம். கறி திங்கக்கூடாது. மீன் தானா மெதந்து வருது. ஆண்டவரு நம்மள மறக்கலடி!" என்று பக்கத்து வீட்டு செசிலி அக்கா முந்தானையை விரித்தாள். அந்தோணியும் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி ஒரு கூடை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஏன் ஓடினார் என்றால், கால்வாய் மீன் முதலாளிக்குச் சொந்தம். அதில் வலை வீசினான் என்று ஒரு குடும்பத்தையே அதற்கு முந்திய வருஷம் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அன்று மத்தியானம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மடவைக் குழம்பு. சாயங்காலம் சிலுவைப்பாதைக்குக் கோயிலில் முழங்கால் போட்டபோது, கும்பிட்ட கையெல்லாம் மீன் வாசனை!

மறுநாள் போலீஸ் வந்தது. யாரோ மதகுக்கு வெடிகுண்டு வைத்துவிட்டார்கள் என்று கேஸ். இன்ஸ்பெக்டர் தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டார். "நேத்து மதகுப் பக்கம் போனீங்களா?" நாங்கள் எல்லோரும் மீனை நினைத்துக்கொண்டு, "இல்லீங்க ஐயா" என்றோம். அந்தோணியும், "நான் வீட்லதான் படுத்துகினு இருந்தேங்க" என்றார். அப்போது உப்பள மேஸ்திரி முன்னால் வந்து, "பொய் சொல்றான் ஐயா. ஈர வேட்டியோட இவன் ஓடுனத நான் என் கண்ணால பாத்தேன்" என்றான்.

அது மட்டும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால், வேலைக்காரர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் மாட்டுவண்டியை மேஸ்திரி நிறுத்திவிட்டான் என்று பெரிய சண்டை நடந்திருந்தது. அந்தோணி கோபக்காரர். "எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, உன் பாத்திக்கு மட்டும் இன்னாத்துக்குத் தண்ணி? ஒருநாள் அந்த மதகையே பேத்து வுடறேன் பாரு" என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தார். அதற்கு ஐம்பது பேர் சாட்சி. வேறென்ன வேண்டும்? விலங்கு மாட்டிக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெடிகுண்டு கேஸ். பத்து வருஷம் என்றார்கள், ஆயுள் என்றார்கள். நான் அப்போது நாலு மாசம் முழுகாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஜீப் வந்தது. "மெட்ராஸ்லேர்ந்து வெடிகுண்டு ஆபீசர் வர்றாரு" என்று ஊரே கூடி நின்றது. நாங்கள் மீசையும் தொப்பியுமாக ஒரு ஆளை எதிர்பார்த்தோம். இறங்கியவரோ ஒல்லியாக, வாத்தியார் மாதிரி, கையில் ஒரு சல்லடை வைத்துக்கொண்டிருந்தார்! செசிலி அக்கா என் விலாவில் இடித்து, "இவரு குண்டு பாக்க வந்தாரா, மாவு சலிக்க வந்தாரா?" என்றாள். அவர் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்து, "ரெண்டும் ஒரே வேலதாம்மா. சல்லடையில கப்பி தங்கணும், அவ்வளவுதான்" என்றார். அதுதான் சபாபதி சார் எங்கள் ஊரில் பேசிய முதல் பேச்சு.

இன்ஸ்பெக்டர் அவரை நேராக மதகுக்கு அழைத்துப் போகப் பார்த்தார். சார் போகவில்லை. உப்பளத்தின் எல்லையில் நின்றுகொண்டு, சிதறிப் போன பலகைத் துண்டு எது மிகத் தூரத்தில் கிடக்கிறது என்று கேட்டார். அங்கே போய், அதற்கும் அப்பால் இன்னும் பாதித் தூரம் நடந்து, அங்கிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்தார். ஒவ்வொரு துண்டு கிடந்த இடத்திலும் ஒரு குச்சி நட்டு நம்பர் போட்டார். "வெடிச்ச எடத்துல எல்லாரும் நடுவுலதான் ஓடிப் போய் நிப்பாங்க. ஓரத்துல கெடக்குறத மிதிச்சிட்டுத்தான் போவாங்க. நான் ஓரத்துலேர்ந்து வருவேன்" என்றார். துண்டு பொறுக்க ஆள் வேண்டும் என்றதும் உப்பளத்துப் பெண்கள் நாலு பேரைக் கேட்டார். நான் முதலில் போய் நின்றேன். புருஷனை ஜெயிலில் வைத்திருக்கிறவள் என்று இன்ஸ்பெக்டர் தடுத்தார். "தள்ளி நின்னு பாக்கட்டும், கை படாம பாத்துக்கறேன்" என்றார் சார். அப்படித்தான் நான் அந்த மூன்று நாளும் பத்தடி தள்ளியே நின்று பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன்!

பலகைத் துண்டுகளை வரிசையாகச் சேர்த்து வைத்து, உடைந்த மதகை மறுபடி தரையில் படுக்கவைத்துவிட்டார். கிழிந்த சேலையைச் சேர்த்துத் தைக்கிற மாதிரி! பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பலகைமேலயே குண்டு கட்டியிருந்தா, அந்த எடம் மாவாப் போயிருக்கும். கருகியிருக்கும். இதுல அப்படி ஒரு எடமே இல்ல. மொத்தப் பலகையும் ஒரே தள்ளுல முறிஞ்சிருக்குது. யானை முட்டுன மாதிரி. முட்டுனது தண்ணி." வெடி தண்ணீருக்குள் வெடித்து, தண்ணீர்தான் மதகை உடைத்தது என்று அதற்கு அர்த்தம்.

சரி, தண்ணீருக்குள் எங்கே? தண்ணீரில் பள்ளம் தெரியுமா? கடல் உள்வாங்கும் வற்றம் வரும்வரை காத்திருந்து, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கினார். நீளக் கழியை அடிக்கு அடி சேற்றில் ஊன்றிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் கழி முழங்கால் ஆழம்தான் போனது. ஓர் இடத்தில் சட்டென்று இடுப்பளவு உள்ளே போனது. சாரும் கூடவே போய்விட்டார்! கரையில் நின்ற நாங்கள் அலறினோம். சேற்றிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடியைத் துழாவிக்கொண்டே, "கெடச்சிடுச்சி, கெடச்சிடுச்சி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். முகம் முழுக்கச் சேறு. பல் மட்டும் தெரிந்தது. கயிறு போட்டு அளந்தார்கள். மதகிலிருந்து பதினான்கு அடி தள்ளி இருந்தது அந்தப் பள்ளம்.

கரையேறி, முகத்தைக் கழுவிவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மீன் எங்கம்மா?"

கரையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "இவ்ளோ பெரிய வெடி தண்ணிக்குள்ள வெடிச்சிருக்குது. ஒரு மீன்கூடவா சாவல? கரையில ஒரு செதில்கூட இல்லியே. மரக்காணத்து மீனுக்கெல்லாம் காது கேக்காதா?" செசிலி அக்கா வானத்தைப் பார்த்தாள். இன்னொருத்தி இடுப்புக் குழந்தைக்கு மூக்கு சிந்திவிட ஆரம்பித்தாள். ஊர் மொத்தமாகச் சேர்ந்து சாட்சியைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டது. அதை எப்படிச் சொல்வது?

அன்று முழுக்க எனக்குள் ஒரே போராட்டம். மீன் எடுத்தோம் என்று சொன்னால் தெருவில் பத்து வீட்டுக்கு வேலை போகும். மாமியார், "வாயத் தொறந்த, ஊரே நம்மள ஒதுக்கி வச்சிடும்" என்றார். சொல்லாவிட்டால் என் புருஷன் உள்ளேயே கிடப்பார். கடைசியில் செசிலி அக்காவிடம் போய் நின்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "எல்லாருந்தானடி தின்னோம். போய் சொல்லு. வேல போனா ஒண்ணா போவட்டும்" என்றாள். அவளும் இப்போது இல்லை. அந்த வார்த்தைக்காக அவளையும் இங்கே ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் உப்புக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுகொண்டே, முன்னும் பின்னுமாக. அவர் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் ஒரு தாளில் இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தியாக்கினார். "இப்போ மறுபடி மொதல்லேர்ந்து சொல்லும்மா. நீ கண்ணால பாத்தது இந்தப் பக்கம். அடுத்தவங்க சொல்லிக் கேட்டது நடுவுல. நீயா நெனச்சிகிட்டது அந்தப் பக்கம்." நான், "குண்டுல மீன் செத்துது சார்" என்றேன். "பாத்தியா, நெனச்சியா?" என்றார். "மீன் மெதந்துது. அதப் பாத்தேன். குண்டுல செத்துதுன்னு... நெனச்சேன்." "பாத்தியா, எவ்ளோ சுலபமா ஒரு பத்தி தாண்டிட்ட!" என்று சிரித்தார்.

அப்படிப் பிரித்துப் பிரித்துச் சொல்லும்போதுதான் நானே மறந்துபோன ஒன்று வாயில் வந்தது. "மீன அறுக்கும்போது நடுமுள்ளு ஒடஞ்சிருந்துது சார். வயித்துக்குள்ள ரத்தம் கட்டியிருந்துது. வலையில புடிச்ச மீனு அப்படி இருக்காது. அப்புறம் இன்னொண்ணு... மடவை வயித்துல எப்பவும் சேறுதான் இருக்கும். அன்னிக்கு அறுக்கும்போது கடலைப் புண்ணாக்கு வாசன வந்துது."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. மெல்ல எழுந்து நின்றார். "இன்னொரு தடவ சொல்லு. எந்த வாசன?"

"புண்ணாக்கு சார். மாட்டுக்கு வைப்பாங்களே."

"அறுத்துப் போட்ட கொடலெல்லாம்?"

"நாயும் காக்காவும் தின்னுடுச்சி. ஆனா சின்ன மடவ ஒரு முறம் மிஞ்சிப் போச்சி. வயிறு கீறாம அப்படியே உப்புல போட்டுட்டேன். கருவாடாக் காயுது."

எங்கள் மாமியார் அந்த ஒரு முறம் மீனுக்காக என்னை அஞ்சாறு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தார். "கொடல எடுக்காம உப்புல போடறா பாரு, சோம்பேறி! இவ கையால தின்னா வயிறு வெளங்குமா?" என்று. என் சோம்பேறித்தனத்தைப் பார்க்க சார் ஓட்டமும் நடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கூரைமேல் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டை இடுக்கியால் எடுத்து, நகைக்கடைக்காரர் வைரத்தைப் பார்ப்பதுபோல வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் வாசலில் நின்று, "ஏங்க, குழம்புக்கு வேணும்னா நல்லதா வேற தர்றேங்க" என்றார். "இதவிட நல்லது உலகத்துலயே இல்லீங்கம்மா" என்றார் சார்!

அதோடு விடவில்லை. அதே கால்வாயில் முந்தி வலையில் பிடித்துக் காயவைத்த மடவைக் கருவாடும் வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது போதாதா சார்? நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?" "நீ பொய் சொல்லல. ஆனா எல்லா மடவைக்கும் முள்ளு இப்படித்தான் ஒடஞ்சிருக்கும்னு ஒரு வக்கீல் கேட்டா நான் இன்னா சொல்றது? வெடிக்காத மீனப் பாத்தவன்தான் வெடிச்ச மீனப் பத்திப் பேசலாம்." செசிலி அக்கா வீட்டில் எப்போதோ ஒளிந்து பிடித்தது இருந்தது; அதுவும் வந்தது. இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் அரக்கு வைத்து சீல் குத்தினார்கள். ஜீப் கிளம்பியதும் தெருநாய் ஆறேழு பின்னாலேயே ஓடின.

ஏறுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார். "இதுவரைக்கும் எல்லாரும் மதகுக்கு வெச்ச குண்டுல மீன் செத்துதுன்னு நெனச்சீங்க. மீனுக்குப் போட்ட குண்டுல மதகு ஒடஞ்சிருந்தா? அதத்தாம்மா நான் போய்ப் பாக்கப் போறேன்." என் தலைக்குள் ஏதோ ஒன்று அப்படியே புரண்டு படுத்தது. பாறை உடைக்கிற தோட்டாவைத் தண்ணீரில் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதலில் இரை போட்டு மீனைக் கூட்டுவார்கள். புண்ணாக்கு! நான் அவர் காலிலேயே விழப் போனேன். "அப்போ அந்தோணி வைக்கலைன்னு எழுதிடுங்க சார்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அத நான் எழுத மாட்டேம்மா. எது நடந்துதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியவரும். யாருன்னு தெரியாது." ஜீப் போய்விட்டது. அன்று அவரை நான் திட்டிய திட்டு அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இரண்டு மாசம் கழித்துத் திண்டிவனம் கோர்ட்டில் ஜாமீன் விசாரணை. டப்பாவைத் திறந்தார்களோ இல்லையோ, கோர்ட் முழுக்கக் கருவாட்டு வாசனை! ஜட்ஜ் ஐயா கர்ச்சீப்பை எடுத்தார். டவாலி போட்ட பியூன் ஜன்னலைத் திறந்தார். சார் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல நின்று, நிதானமாகச் சொன்னார். வெடித்த இடம் மதகிலிருந்து பதினான்கு அடி தள்ளி, தண்ணீருக்கு அடியில். அன்று கிடைத்த மீனில் நடுமுள் முறிந்திருக்கிறது. வலையில் பிடித்த மீனில் முறியவில்லை. அன்றைய மீனின் வயிற்றில் கடலைப் புண்ணாக்கு. மற்றதில் வெறும் சேறு. மதகை உடைக்க நினைப்பவன் மீனுக்குச் சோறு போட மாட்டான்.

சர்க்கார் வக்கீல் விடவில்லை. "மீனை அறுத்தா இதெல்லாம் தெரியும்னு உங்களுக்கு எந்தப் புத்தகத்துல இருந்துது?" என்றார்.

"புத்தகத்துல இல்ல. அந்த அம்மா சொன்னாங்க" என்று என்னைக் கை காட்டினார் சார். "அவங்க சொன்னத நான் லேப்ல வெட்டிப் பாத்து, சரின்னு தெரிஞ்சிகிட்டேன்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "அது முதலாளியோட மீன். திருடினதுதானே?" எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "மெதந்து வந்த மீனுங்க ஐயா. எதுலயும் பேரு எழுதல" என்றேன். கோர்ட்டே சிரித்துவிட்டது. ஜட்ஜ் ஐயாவும் கர்ச்சீப்புக்குள் சிரித்தார்.

அப்போதுதான் வக்கீல் சாரிடம் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "அப்படின்னா, அந்தத் தோட்டாவப் போட்டது இந்த அந்தோணி இல்லைன்னு நீங்க சொல்றீங்களா?"

சொல்லிடுங்க சார், ஒரு வார்த்தை, இல்லைன்னு சொல்லிடுங்க என்று உள்ளுக்குள் ஜபமாலை உருட்டினேன்.

"தெரியாது" என்றார் சார்.

கூண்டில் நின்ற அந்தோணி கண்ணை மூடிக்கொண்டார். ஜட்ஜ் ஐயா சார் பக்கம் திரும்பினார். "புண்ணாக்கு இருந்தது?" என்று கேட்டார். "தெரியும். அது இருந்துது." "மதகுல குண்டு வைக்கல?" "தெரியும். வைக்கல." ஜட்ஜ் ஐயா பேனாவை எடுத்தார். "தெரியாதத தெரியாதுன்னு சொல்ற சாட்சி சொல்ற 'தெரியும்'-ஐ நான் நம்புறேன்" என்றார். அன்றைக்கே ஜாமீன்! நான் அவரைத் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. அவர் மட்டும் எனக்காக இரக்கப்பட்டு ஒரு 'இல்லை' சொல்லியிருந்தால், அந்த வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருப்பார்.

மிச்சத்தை இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கடலைப் புண்ணாக்கு மூட்டை இருந்தது ஒரே இடத்தில்தான்: உப்பு வண்டி மாடுகளின் கொட்டகையில். அதன் சாவி மேஸ்திரி இடுப்பில். கேட்ட இரண்டாவது கேள்வியிலேயே அவன் உடைந்துவிட்டான். முதலாளி வீட்டு விருந்துக்கு மீன் பிடித்துக் கொடுத்துப் பெயர் வாங்கலாம் என்று போட்டிருக்கிறான். மதகு போய்விட்டதைப் பார்த்ததும் மீனைக்கூடப் பொறுக்காமல் ஓடி, அந்தோணியின் தலையில் கட்டிவிட்டான். எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் வேலை போகவில்லை. கோர்ட்டில் எல்லோரும் சிரித்த விஷயத்தில் கை வைக்க முதலாளிக்கு வெட்கமாக இருந்ததோ என்னவோ. அவர் மனசில் என்ன இருந்தது என்பது நான் பார்த்ததில்லை, நினைத்ததுதான்.

ஜாமீனில் வந்த அன்று அந்தோணி வீட்டு வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி: "கருவாடு மிச்சம் இருக்குதா?" என் மாமியார் அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தெட்டு வருஷம் அதற்குப் பிறகு அந்தோணி என்னோடு வாழ்ந்தார். நாலு பிள்ளைகள். சார் மூத்தவள் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, மீன் வைத்தபோது அதைப் பிளந்து நடுமுள்ளைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். "இன்னா சார், இன்னுமா?" என்று அந்தோணி கேட்டார். "வலையில புடிச்சது. நம்பிச் சாப்டு" என்றார். பந்தியே குலுங்கிச் சிரித்தது.

பேத்தி போன் வைத்த பிறகு, செசிலி அக்காவின் மருமகள் விசாரிக்க வந்தாள். எங்கள் கோயிலில் சாருக்காக ஒரு பூசை வைக்கலாம் என்று நான் சொன்னதும் தயங்கினாள். "அவரு எந்தச் சாமியையும் கும்புடாதவராச்சே பெரியம்மா. மோட்சத்துக்குப் போயிருப்பாருன்னா நெனைக்கிற?" பழைய மேரியாக இருந்தால் கையில் இருந்த முறத்தாலேயே போட்டிருப்பேன். போயிருப்பார், போகாமல் இருப்பாரா என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போதாவது அவரைப் போலப் பேச வேண்டும் இல்லையா?

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். கூண்டில் நின்ற என் புருஷன் முகத்தைப் பார்த்தபடியே, நான் கெஞ்சுவது தெரிந்தும், நிமிர்ந்து நின்று அவர் சொன்னாரே, அந்தச் சொல். அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

"தெரியாதும்மா. எம்புருஷன வீட்டுக்குக் கொண்டாந்து வுட்டாரு. அது தெரியும்."